திறவுகோல் யார் கையில்?

“சி, ஏ, டி - கேட்! டி, ஓ, ஜி - டாக்!” பள்ளிக்கூடத் திண்ணைகளில் எழும் இந்தப் பேரோசையைக் கேட்டிருப்பீர்கள், தோழர்களே! என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? சியும் ஏயும் டியும் சேர்ந்தால் ‘சியேடி’ என்றல்லவா வரவேண்டும்? ‘கேட்’ எங்கிருந்து குதித்தது? குழந்தை திகைக்கிறது. “மனப்பாடம் செய்!” என்பதுதான் அதற்குக் கிடைக்கும் மறுமொழி!

தமிழில் அந்தத் தொல்லை இல்லை. ‘ப’ என்பதே பெயர். ‘ப’ என்பதே ஒலி. ஆங்கிலத்திலோ பெயர் வேறு, ஒலி வேறு. பெயர் ‘எச்’, ஒலி ‘ஹ’! 26 எழுத்துகள், ஏறத்தாழ 44 ஒலிகள். பெயரை மட்டும் ஓதவைத்து ஒலியை மறைத்துவிட்டால், பிள்ளை படிப்பது எங்ஙனம்?

“ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு விதியே கிடையாது, கான்வென்ட் பிள்ளைக்கு வரும், கழனிக்காட்டுப் பிள்ளைக்கு வராது” என்கின்றனர் மேதாவிகள். விதி இல்லையாம்! ‘பின்’ என்ற சொல்லின் இறுதியில் ‘ஈ’ என்னும் எழுத்தை ஒட்டுங்கள், ‘பைன்’ ஆகும். ‘கிட்’டின் இறுதியில் ஒட்டுங்கள், ‘கைட்’ ஆகும். டி, ஐ, ஓ, என் நான்கும் சொல்லின் முடிவில் அணிவகுத்தால் ‘ஷன்’ - ஸ்டேஷன், நேஷன், எலெக்ஷன்! ஒரு விதி கற்றால் நூறு சொற்கள் கதவைத் திறக்கும்.

விலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. அவற்றுக்கும் வரலாறு உண்டு. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்ற சொல்லின் முன்னே ஊமையாய் நிற்கும் ‘கே’, ஒரு காலத்தில் வாய்திறந்து ஒலித்த எழுத்து. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லின் நடுவே நிற்கும் ‘பி’யோ, இலத்தீன் குலப்பெருமை காட்டப் பண்டிதர்கள் செருகியது. பிறப்பைப் பார்த்து மகுடம் சூட்டும் கூட்டம் அங்கும் இருந்திருக்கிறது!

ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே இந்தப் போர் நடந்தது. சொல்லைப் படம்போல் பார்த்து மனனம் செய்யும் முறையைச் சாடி, 1955இல் அமெரிக்காவில் ருடால்ஃப் ஃபிளெஷ் நூல் எழுதினார். எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைத்துக் கற்பிக்க வேண்டுமென, 2006இல் இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் அறிக்கை அளித்தார். 2012 முதல் அந்நாட்டில் ஆறு வயதை எட்டும் பிள்ளைகளுக்கு 40 சொற்களில் வாசிப்புச் சோதனை வைக்கப்பட்டது. அவற்றில் 20 பொருளே இல்லாத போலிச் சொற்கள்! ஏன்? மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. ஒலியறிவு ஒன்றே கரைசேர்க்கும். தாய்மொழியாகப் பேசுகிற பிள்ளைக்கே விதி தேவையென்றால், வீட்டில் அம்மொழியைக் கேட்டறியாத நம் பிள்ளைக்கு வேண்டாமா?

குழந்தையின் சுமை குறைய வேண்டுமென்று தமிழ் எழுத்திலேயே கைவைத்தவர் பெரியார். 1935இல் ‘குடிஅரசு’ ஏட்டில் அவர் தொடங்கிய சீர்திருத்தத்தில் பெரும்பகுதியை, 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. ஆங்கில எழுத்தை நாம் திருத்த முடியாது. புதிய எழுத்து வேண்டுமென உயிலில் பணம் ஒதுக்கிய பெர்னாட்ஷாவாலேயே முடியவில்லை. ஆனால் கற்பிக்கும் முறையைத் திருத்த முடியுமே!

1968இல் அண்ணாவின் ஆட்சியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. அந்தத் தீர்மானம் ஏழையின் மகனுக்கும் மகளுக்கும் தரப்பட்ட வாக்குறுதி. கட்டணப் பள்ளிகள் ‘ஃபோனிக்ஸ்’ என்று பெயர் சூட்டிக் காசுக்கு விற்கும் திறவுகோல், அரசுப் பள்ளியில் காசின்றிக் கிடைத்தாலன்றோ அந்த வாக்குறுதி நிறைவேறும்? 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், முதல் மூன்று வகுப்புகளில் ஆங்கிலத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. அந்த மூன்று வகுப்புகளில்தான் இந்த வேலை முடிய வேண்டும். ஆசிரியருக்கு ஒலிப்பயிற்சி கொடுங்கள். பிறகு பிள்ளையிடம் கணக்குக் கேளுங்கள்!

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்ததா? ஊர்தோறும் நமக்குப் படிப்பகம் உண்டு. மாலைதோறும் அங்கே விளக்கு எரிகிறது. கல்லூரி கண்ட தோழர்களே! நாளொன்றுக்கு அரைமணி, நாளொன்றுக்கு ஒரு விதி. தெருப்பிள்ளைகளை அமரவைத்துச் சொல்லிக் கொடுங்கள். “வராது” என்றவர்கள் வாயடைக்க, நம் பிள்ளை படிக்கும் ஓசை ஒன்றே போதும்!