கல்வெட்டில இல்லாத அம்மம்மா

எங்கட ஊரில ஆராவது மோசம் போனா 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறது வழக்கம். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு விளக்கம்: இது கல்லில வெட்டுறதில்லை, சின்னப் புத்தகம். முன்பக்கத்தில படம், பிறகு திதி வெண்பா, பஞ்சபுராணம், சிவபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில நன்றி நவிலல். அந்தியேட்டிக்கு வாற சனத்துக்குக் கையில குடுத்து விடுவினம்.

என்ர அம்மம்மா 2019இல காலமான நேரம் நான் டுபாய் தேறாவில ஒரு சாப்பாட்டுக்கடைக் கிச்சினில நிண்டனான். லீவு முடிஞ்சு திரும்பி ரெண்டு மாசம் தான். போக வழியில்லை. கல்வெட்டு வட்ஸ்அப்பில வந்தது. டூட்டி முடிஞ்சு கட்டிலில படுத்திருந்து வாசிச்சன். 'பொறுமையின் சிகரம், பக்தியின் உறைவிடம், விருந்தோம்பலில் சிறந்தவர்' எண்டு இருந்தது. எல்லாம் உண்மை தான். ஆனா அது அம்மம்மா இல்லை. பேரை மாத்திப் போட்டா ஊரிலுள்ள எந்தக் கிழவிக்கும் அது பொருந்தும்.

அம்மம்மா எண்டா எங்களுக்கு முதலில நினைவு வாறது அவவின்ர பகிடி. கந்தசட்டிக்கு ஆறு நாளும் பால்பழத்தோட இருப்பா. "முருகன் சூரனை ஆறு நாளில முடிச்சிட்டான். உங்கட அப்பு நாப்பது வருசமா என்னோட சண்டை பிடிக்கிறார், ஒரு முடிவும் இல்லை" எண்டுவா. அப்பு கேட்டுக்கொண்டு தான் இருப்பார், வெத்திலை வாயோட சிரிப்பார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்குப் போனது உங்களில கன பேருக்கு நினைவிருக்கும். எனக்கு 12 வயசு. மழை. சனம் நெருக்கி அரை அடி அரை அடியா நகருது. பக்கத்தில ஒரு மனுசி குழறி அழுதுகொண்டு வந்தா. அம்மம்மா தலையில மூட்டை, இடுப்பில தங்கச்சி. சொன்னா: "நல்லூரான்ர தேருக்கும் இவ்வளவு சனம் வரேல்லை. பார்த்தா அவனுக்கே எரிச்சல் வரும்." அழுத மனுசி சிரிச்சிட்டா. கைதடி வந்து சேரும் வரைக்கும் எங்களோட தான் நடந்தவ. அந்த இரவைப் பற்றிக் கல்வெட்டில ஒரு வரி: 'இடம்பெயர்வின் துன்பங்களையும் தாங்கினார்.'

செத்தவவைப் பற்றிப் பகிடி எழுதிறது மரியாதையோ எண்டு சொந்தத்தில சிலர் கேட்டவை. என்ர பதில் இது தான். அவவுக்குப் பக்தியும் பகிடியும் ரெண்டில்லை. கடவுளோட உரிமை எடுத்துக் கதைக்கிறது எங்கட சைவத்துக்குப் புதிசும் இல்லை. சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் எண்டு பேர். காளமேகப் புலவர் சாமியைத் திட்டுற மாதிரியே துதி பாடினவர். அவையளைப் படிப்பிக்கிற நாங்கள் அம்மம்மாவின்ர வாயை மட்டும் ஏன் மூடவேணும்?

இன்னொரு காரணமும் இருக்கு. 2005இல தொடங்கின 'நூலகம்' இணையத்தளத்தில ஊர்ப் புத்தகங்களோட நினைவு மலர்களையும் சேர்த்து வைச்சிருக்கினம். சண்டையில வீட்டு அல்பம், கடிதம், உறுதி எல்லாம் துலைச்ச சனத்துக்கு மிச்சமிருக்கிற எழுத்து பல நேரம் அந்தக் கல்வெட்டு தான். நாளைக்கு கனடாவிலயோ சுவிசிலயோ ஒரு பூட்டப்பிள்ளை அதைத் திறக்கேக்க, ஒரு மனுசியைக் காணவேணும். வெறும் அடைமொழிகளைக் காணக்கூடாது.

வளைகுடாவில இருக்கிற எங்களுக்கு இது இன்னும் கூடப் பொருந்தும். 1951 அகதிகள் உடன்படிக்கையில அமீரகம் சேரேல்லை. இங்க நாங்கள் அகதியள் இல்லை, வேலைக்காரர். 2006 ஆவணியில ஏ9 பாதை மூடினதோட என்ர கம்பஸ் படிப்பும் பாதியில நிண்டது, பிறகு வந்தது இந்த வேலை விசா. என்னை மாதிரி ஆக்களின்ர சம்பளத்துக்குக் கிழவியைக் கூப்பிட்டு வைச்சிருக்கிறதெல்லாம் நடக்காத கதை. எங்களுக்கு அவை ரெலிபோனில வாற குரல் தான். அந்தக் குரலையாவது எடுத்து வையுங்கோ. கையில இருக்கிற போனே ரெக்கோட் பண்ணும். "ஆச்சி, என்ன சமையல்?" எண்டதோட நிப்பாட்டாமல் பழங்கதை கேளுங்கோ, ஆரோட சண்டை பிடிச்சவ எண்டு கேளுங்கோ. கல்வெட்டு அடிக்கேக்க அதில ரெண்டு பக்கம் போடுங்கோ. தேவாரம் குறையத் தேவையில்லை, அடைமொழியைக் குறைச்சாக் காணும்.

கடைசியாக் கதைச்சபோது அம்மம்மா சொன்னது: "பிள்ளையார் அம்மையப்பரைச் சுத்தி மாம்பழம் வாங்கினார். என்ர பேரப்பிள்ளையள் உலகத்தையே சுத்துதுகள், ஒண்டுக்கும் பழம் கிடைச்ச மாதிரித் தெரியேல்லை."

கல்வெட்டில விட்டுப்போனதை இதில எழுதியாச்சு. உங்கட வீட்டுக் கிழவி இருந்தா, இண்டைக்கே ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ.