முதலில் பிழை வளைவு

மோட்டார் ஷாஃப்டின் முனையில் சிறு வட்டக் காந்தம், அதற்கு நேர் எதிரே ஒரு ஹால் சிப். கோணம் அளக்க இதைவிட எளிய அமைப்பு அரிது என்பதால்தான் இது எங்கும் பரவியிருக்கிறது. தேர்வு செய்யும்போது நம்மில் பலர் முதலில் பார்ப்பது பிட் எண்ணிக்கையை. 12 பிட் என்றால் ஒரு சுற்றுக்கு 4096 படிகள், ஒரு படி 0.088 டிகிரி, 14 பிட் என்றால் 0.022. சிப் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துச் சொல்கிறது என்பதற்கு இவை சான்று. சொல்வது சரிதானா என்பதற்குச் சான்றாகா. வடிவமைப்பு வேலை ஒரு முழுச் சுற்றின் பிழை வளைவில்தான் தொடங்க வேண்டும்.

சைன், கோசைன் என்ற இரு சிக்னல்களின் விகிதத்திலிருந்து கோணம் கிடைக்கிறது. காந்தம் சூடேறி வலு குறைந்தாலும், இடைவெளி சற்றுக் கூடினாலும் இரண்டும் சேர்ந்தே குறையும், விகிதம் அசையாது. ரிசால்வர்கள் இத்தனை காலம் நிலைத்திருப்பதில் இந்தக் குணத்துக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் ஒரு சேனல் மட்டும் பிசகினால் விகிதம் கைகொடுக்காது. வீச்சில் 1 சதவீத ஆஃப்செட் ஒன்றில் ஏறினால் சுற்றுக்கு ஒருமுறை ஏறியிறங்கும் 0.57 டிகிரி பிழை வரும். இரு வீச்சுகளும் 1 சதவீதம் வேறுபட்டால் சுற்றுக்கு இருமுறை 0.29 டிகிரி. வெளிக் காந்தப்புலம் இன்னும் மோசம். 50 ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கம்பி, 10 மில்லிமீட்டர் தொலைவில் 1 மில்லிடெஸ்லா புலத்தை உண்டாக்கும். சிப்பின் மேல் காந்தம் தரும் புலம் 50 மில்லிடெஸ்லா என்றால், கோணம் 1.15 டிகிரி வரை விலகும். 12 பிட் சிப்பில் இது 13 படிகள்!

பிழையை அளந்து அட்டவணையாக மைக்ரோகன்ட்ரோலரில் ஏற்றிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். காந்தம் சற்று விலகி ஒட்டியிருந்தால் அது நிலையான பிழை. அட்டவணை அதைத் திருத்தும். கம்பியின் புலமோ லோடு கூடக் கூட மாறுகிறது. பேரிங் தேய்மானம் மாதக்கணக்கில் மாறுகிறது. சும்மா சுற்றும் மோட்டாரில் எடுத்த அட்டவணை இவற்றை அறியாது. ஆகவே காந்தத்தை விட்டுவிட்டு, சுருள்களால் கோணம் அளக்கும் தூண்டல் சென்சாரில், அதன் சுருளின் வடிவத்திலேயே தீர்வைத் தேட வேண்டும். பிசிபியில் ஒரு சுருளில் சில மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டம். அதன் உள்ளே இரண்டு ஏற்புச் சுருள்கள், ஒவ்வொன்றிலும் கண்ணிகள் மாறிமாறி எதிர்த்திசையில். சீரான வெளிப்புலம் அடுத்தடுத்த கண்ணிகளில் தன்னைத்தானே கழித்துக்கொள்ளும். மாறாத புலம் மின்னழுத்தத்தையே தூண்டாது. ஷாஃப்டில் காந்தமும் வேண்டாம். 4 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பில் ஏறத்தாழ 33 மைக்ரான் ஆழத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுவதால், வழக்கமான 35 மைக்ரான் பிசிபி செம்புத் தகடே ஷாஃப்டோடு சுழலும் இலக்காகப் போதும். சுருள் முழு வட்டத்தையும் சுற்றி அமைந்தால் இன்னொரு லாபம்: 20 மில்லிமீட்டர் ஆரத்தில் 0.1 மில்லிமீட்டர் மையவிலகல், ஓரிடத்தில் மட்டும் படிக்கும் சென்சாருக்கு 0.29 டிகிரி பிழை தரும். முழு வட்டச் சுருளில் எதிரெதிர்ப் பக்கங்கள் அதைப் பெருமளவு சமன்செய்துவிடும்.

பிட்டுகள் வீண் என்று சொல்லவில்லை. கோண வித்தியாசத்திலிருந்து வேகம் கணக்கிடும்போது பெரிய படிகள் இரைச்சலாகின்றன. அங்கே பிட் தேவை. ஆனால் அதே மோட்டார் 6000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது, சென்சாரின் 100 மைக்ரோவினாடித் தாமதம் 3.6 டிகிரி பிழை, நான்கு துருவ ஜோடி என்றால் மின்கோணத்தில் 14.4. தாமதத்தைக் கேட்காமல் பிட்டுக்குக் காசு கொடுப்பதில் பயனில்லை.

இனி இவ்விதழுக்குக் கோணச் சென்சார் கட்டுரை அனுப்புவோர், 360 டிகிரி பிழை வளைவை லோடு இல்லாமலும் முழு லோடிலும் தனித்தனியே வரைந்து, அருகில் ஓடும் கம்பியின் தொலைவையும் மின்னோட்டத்தையும் குறிப்பிட்டு அனுப்ப வேண்டுகிறோம்.