அச்சம் தரும் படிப்பும் அறிவு தரும் படிப்பும்

எடமலைப்பட்டி புதூரில் எங்களிடம் சிகிச்சைக்கு வருவோரும் உடன் வருவோரும் காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியில் ஏதேனும் படித்துக்கொண்டிருப்பதை நாள்தோறும் காண்கிறோம். படிப்பது நன்று. ஆனால் வைரஸ் பற்றிப் பரவும் செய்திகளுள் பல அச்சத்தை மட்டுமே தருகின்றன. கிருமி எவ்வழியே வருகிறது, அதை எங்கே தடுக்கலாம் என்று விளக்கும் எழுத்தே படிக்கத் தக்கது என்பது எங்கள் கருத்து.

அத்தகைய நூல்களுள் ஒன்று, டேவிட் குவாமன் எழுதி 2012-இல் வெளிவந்த 'ஸ்பில்லோவர்'. விலங்குகளிடமிருந்து கிருமிகள் மனிதருக்குத் தாவும் விதத்தை அது விளக்குகிறது. நிபா வைரஸ் மலேசியாவில் பன்றிகள் வழியாகப் பரவியது. வங்கதேசத்தில் பழந்தின்னி வௌவால்கள் அசுத்தப்படுத்திய ஈச்ச மரச் சாற்றின் வழியாகப் பரவியது. வழி தெரிந்ததால், சாறு இறக்கும் கலயத்தை மூங்கில் தட்டியால் மூடும் எளிய தடுப்பும் பிறந்தது. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா தோன்றியபோது இவ்வறிவின் தேவையை நாமும் உணர்ந்தோம். நூல் ஆங்கிலத்தில் உள்ளது. கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் படித்து, வீட்டுப் பெரியவர்களுக்குத் தமிழில் சொல்லலாம்.

இத்தகைய தாவல் தொலைவிடங்களில் மட்டும் நிகழ்வதன்று. நம் தெருவிலும் நாய்க்கடியால் நிகழ்கிறது. ரேபிஸ் வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியே மெல்ல மூளைக்குச் செல்கிறது. அந்த இடைவெளியில்தான் தடுப்பூசி உயிரைக் காக்கிறது. நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. இதை அறிந்தவர் காயத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ தடவிக் காலம் கடத்தமாட்டார். ஓடும் நீரில் சோப்பிட்டுக் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவுவார். அன்றே மருத்துவமனைக்கு வருவார். காயம் ஆழமானதாயின் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது.

ஆகவே, நூல்களோடு இன்னொன்றையும் படிக்கப் பரிந்துரைக்கிறோம்: உங்களிடம் தரப்படும் தடுப்பூசி அட்டை. முதல் ஊசிக்குப் பின் காயம் ஆறிவிட்டது என்றெண்ணி அடுத்த ஊசிகளைத் தவிர்ப்பது ஆபத்தானது. காயம் ஆறுவது வேறு; கிருமியிடமிருந்து காப்புப் பெறுவது வேறு. அட்டையில் குறித்த நாள்களை வீட்டார் ஒருவர் உரக்கப் படித்து, நாட்காட்டியில் குறித்து வைப்பாராக. எழுத்தறியாத பெரியவருக்கு அந்த ஒரு பக்கத்தைப் படித்துச் சொல்வதும் ஓர் உயிரைக் காக்கும் பணியே.