அரிசிப் பை ஒத்தடமும் அம்மாவின் புறங்கையும்

மொதல்லயே சொல்லிடறேன். மைக்ரோவேவ்ல வச்சு சூடு பண்ற ஒத்தடப் பையை கடையில காசு குடுத்து வாங்காதீங்க. வீட்லயே ஒரு மணி நேரத்துல தைச்சிடலாம். ஆனா தைக்கிறதை விட முக்கியமான வேலை ஒண்ணு இருக்கு. அதை நான் மறந்துட்டேன், அதான் இந்தப் பதிவு.

ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் முதுகுவலி இல்லாத வீடு அபூர்வம். ஹார்பர்ல மூட்டை தூக்கினவங்க, காசிமேட்டுல வலை இழுத்தவங்க, கன்டெய்னர் லாரியில ராத்திரி பூரா கியூவுல உக்காந்திருக்கறவங்கன்னு ஆளுக்கொரு காரணம். எங்கப்பா மூட்டை கோஷ்டி. அவர் வேலை முடிஞ்சு வந்தா அம்மா இரும்புச் சட்டியில கல்லுப்பை வறுத்து, கிழிஞ்ச வேட்டியில மூட்டை கட்டி ஒத்தடம் குடுப்பாங்க. ஒவ்வொரு தடவையும் தன் புறங்கையில ஒருமுறை வச்சுப் பார்த்துட்டுதான் அப்பா முதுகுக்குப் போகும்.

இப்ப அம்மா இல்லை. மைக்ரோவேவ் இருக்கு. சரி, நாமளே தைப்போம்னு இறங்கினேன்.

இதுக்கு உப்பு சரிப்படாது. மைக்ரோவேவ் முக்கியமா ஈரத்தைத்தான் சூடாக்கும், காய்ஞ்ச உப்புல அது பத்தாது. அரிசிக்குள்ள எப்பவும் கொஞ்சம் ஈரம் இருக்கு. ஜெர்மனியில, சுவிட்சர்லாந்துல செர்ரிக் கொட்டையைப் போட்டுத் தைக்கிறாங்க. நமக்கு ரேஷன் பச்சரிசியே போதும்.

துணி சுத்தப் பருத்தியா இருக்கணும். எம்.சி. ரோட்டுல காடாத் துணி கேளுங்க. சந்தேகமா இருந்தா ஒரு நூலைப் பிரிச்சுக் கொளுத்துங்க. பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலானா பருத்தி, உருகி உருண்டையானா பாலியஸ்டர். தைக்கிற நூலும் பருத்திதான். ஜிப், ஊக்கு, ஜரிகை எதுவும் கூடாது. ஓரத்துக்கு ரெண்டு தையல், நடுவுல மூணு அறையா பிரிச்சு தையல். இல்லைன்னா அரிசி மொத்தமும் ஒரு மூலைக்கு ஓடிடும். முக்கால் பங்குக்கு மேல நிரப்பாதீங்க.

பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி வச்சு, ஒரு நிமிஷம் ஓட்டுங்க. எடுத்துக் குலுக்கிட்டு, வேணும்னா இன்னொரு அரை நிமிஷம். நான் முதல் பையை மூணு நிமிஷம் ஓட்டி, அரிசியைப் பொரியாக்கி, வீடு பூரா புகை (சிரிக்காதீங்க!). கருகின வாசம் வந்துட்டா அரிசியைத் தூக்கிப் போட்டுடுங்க. நம்ம கடல் காத்துக்கு சீக்கிரமே ஈரம் பிடிச்சுப் பூஞ்சை வரும், அதனால டப்பாவுல மூடி வைக்கணும்.

இனிமேதான் விஷயம்.

அப்பாவுக்கு இருபது வருஷமா சர்க்கரை. ஒருநாள் ராத்திரி கால் சில்லுன்னு இருக்குன்னு, பையை அவரே சூடு பண்ணி பாதத்துக்கு அடியில வச்சுக்கிட்டுத் தூங்கிட்டாரு. காலையில பாத்தா பாதத்துல ரூபாய் காசு அளவு கொப்புளம். அவருக்குத் தெரியவே இல்லை. ஆற ரெண்டு மாசம் ஆச்சு. சர்க்கரையால நரம்பு மரத்துப் போனவங்களுக்குச் சுடுறதே தெரியாது. காயமும் லேசுல ஆறாது.

தோல் வேக கொதிக்கிற சூடு வேணும்னு அவசியம் இல்லை. 44 டிகிரியே ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டா போதும்னு 1947-லயே ஆராய்ச்சி செஞ்சு சொல்லிட்டாங்க. 60 டிகிரின்னா சில விநாடிதான்.

அதனால என் கட்சி இதுதான்: பை தைச்சுக் குடுக்கறதோட நம்ம வேலை முடியலை. வயசானவங்களுக்கு இன்னொருத்தர் புறங்கையில பாத்துட்டு, துண்டு சுத்தி, பக்கத்துல உக்காந்து ஒத்தடம் குடுக்கணும். பதினஞ்சு நிமிஷத்துல எடுத்துடணும். மரத்துப் போன பாதத்துக்கு ஒத்தடமே வேணாம், சாக்ஸ் போதும். புதுசா சுளுக்கி வீங்கியிருந்தாலும் சூடு வேணாம், ஐஸ் வைங்க (காசிமேட்டுல ஐஸுக்கா பஞ்சம்?).

மிஷின் வந்ததும் நாம முதல்ல விட்டது அம்மாவோட அந்தப் புறங்கையைத்தான். இப்ப அப்பாவுக்கு முதுகுக்கு மட்டும், நான் பக்கத்துல உக்காந்துதான் ஒத்தடம். பதினஞ்சு நிமிஷம் பழைய ஹார்பர் கதை எல்லாம் சொல்றாரு. வலி குறையுதோ இல்லையோ, கதை நல்லா இருக்கு.