யாருக்கும் சொந்தம் இல்லாத கண்டம்! குற்றம் நடந்தால் யார் விசாரிப்பது?

ஓசூரை அடுத்த ஜூஜூவாடியோடு தமிழ்நாடு முடிகிறது. அப்பால் அத்திப்பள்ளி. அது கர்நாடகம். எல்லைக்கு இந்தப் பக்கம் திருட்டு நடந்தால் தமிழ்நாட்டுப் போலீஸ் வரும். அந்தப் பக்கம் நடந்தால் கர்நாடகப் போலீஸ் வரும்.

எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லையே இல்லாத இடம் ஒன்று உண்டு. அதுதான் தென்துருவத்தில் உள்ள அண்டார்டிகா. இந்தியாவைப்போல் நாலு மடங்கு பெரிய பனிக்கண்டம்.

துப்பாக்கிச் சூடு

பிரிட்டன், பிரான்ஸ், நார்வே, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அர்ஜென்டினா, சிலி ஆகிய 7 நாடுகள் அங்கே உரிமை கொண்டாடின. பிரிட்டன், அர்ஜென்டினா, சிலி மூன்றும் ஒரே பகுதியைக் கேட்டன. 1952-ல் அர்ஜென்டினாக்காரர்கள் பிரிட்டிஷாரின் தலைக்கு மேல் சுட்டு விரட்டினார்கள்.

சண்டை வளரவில்லை. 1959 டிசம்பர் 1-ந் தேதி வாஷிங்டனில் 12 நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1961-ல் அது அமலுக்கு வந்தது. பழைய உரிமைகளை அது ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. புதிதாக யாரும் உரிமை கேட்கக்கூடாது. ராணுவத் தளம் கூடாது. அணுகுண்டு வெடிக்கக்கூடாது.

நம் நிலையங்கள்

இந்தியா 1983-ல் சேர்ந்தது. அங்கே நமக்கு மைத்ரி, பாரதி என்று 2 ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. மைத்ரி இருக்கும் இடத்தை நார்வே தன்னுடையது என்கிறது. பாரதி இருக்கும் இடத்தை ஆஸ்திரேலியா தன்னுடையது என்கிறது. ஆனாலும் யாரும் நம்மை விரட்டவில்லை. ஒப்பந்தத்தின் பலம் அது!

சரி, அங்கே குற்றம் நடந்தால்? ஓசூரில் சட்டம் இடத்தைப் பார்க்கிறது. அங்கே ஆளைப் பார்க்கிறது. ஆராய்ச்சிக்குப் போன இந்தியர் தவறு செய்தால் இந்தியச் சட்டம்தான். அண்டார்டிகாவுக்கென்று 2022-ல் நம் பாராளுமன்றம் தனிச் சட்டமும் செய்தது.

ஆபத்து தீர்ந்ததா?

முழுவதும் தீரவில்லை. அங்கே சுரங்கம் தோண்ட 1991-ல் செய்த உடன்பாடு தடை போட்டிருக்கிறது. நாளை கனிமத்தின்மேல் ஆசை வந்து ஒப்பந்தம் முறிந்தால், பழைய உரிமைச் சண்டை மறுபடி தலைதூக்கும்.

இங்கே தென்பெண்ணை ஆறு கர்நாடகத்திலிருந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. எல்லைக்கோடு தெளிவாக இருக்கிறது. ஆனாலும் தண்ணீருக்காகத் தமிழ்நாடு 2018-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. கோடு மட்டும் சமாதானம் தராது. உட்கார்ந்து பேசிச் செய்துகொண்ட உடன்பாடும், அதைக் காப்பாற்றும் மனமும் வேண்டும்.