இரட்டைப் பட்டமும் ஒற்றை அச்சமும்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையிடம் நம் பெற்றோர் சிலர் கூறுகின்றனர்: "இயற்பியல் உன் விருப்பத்துக்கு; பொறியியல் உன் வயிற்றுக்கு. இரண்டிலும் ஒருங்கே பட்டம் வாங்கு!" இது முன்யோசனையன்று, அச்சம்.

இரு பட்டம் இருந்தால்தான் ஆய்வுப் படிப்பின் கதவு திறக்குமா? ஜான் பார்டீன் விஸ்கான்சினில் பெற்றவை மின்பொறியியல் பட்டங்களே. விரும்பிய இயற்பியல் பாடங்களையும் உடன் கற்றார். அதற்கெனத் தனிப் பட்டம் தேடவில்லை. 1936இல் பிரின்ஸ்டனில் கணித இயற்பியலில் முனைவரானார். 1956, 1972 என இருமுறை இயற்பியல் நோபல் பரிசும் பெற்றார். நம் அப்துல் கலாமோ திருச்சியில் இயற்பியலை முடித்த பின்னரே சென்னையில் விமானப் பொறியியல் பயின்றார். இவர்கள் இரு தோணியில் கால் வைக்கவில்லை.

இயற்பியல் ஆய்வுக்கு மாணவரைத் தேர்வோர் பட்டங்களை எண்ணுவதில்லை. விசையியல், மின்காந்தவியல், குவாண்டம் இயங்கியல், புள்ளியியல் இயங்கியல் ஆகியவற்றில் தேர்ச்சியையும், ஆய்வுக்கூடத்தில் பழகிய கையையும் நோக்குகின்றனர். இரட்டைச் சுமை விழுங்குவது அந்த ஆய்வுக்கூட நேரத்தைத்தான்!

ஒன்றை ஆழக் கற்கட்டும். மற்றதில் வேண்டிய பாடங்களை மட்டும் சேர்த்துக்கொள்ளட்டும். படியளப்பவன் அல்லாஹ் என்று நாளும் சொல்லும் நாம், பிள்ளையின் படிப்பென்று வந்ததும் அதை மறப்பதேன்?