சர்வர் இருக்கிறது, நூலகர் எதற்கு?

"ஜிஐஎஸ் வரைபடம், ஆய்வுத் தரவு எல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம். நூலகருக்கு அதில் என்ன வேலை?" படித்தவர்களே கூசாமல் கேட்கிறார்கள். ஹார்டு டிஸ்க் கெட்டால்தான் தரவு தொலையும், பேக்கப் எடுத்தால் பிழைத்துவிடும் என்ற நினைப்பு அவர்களுக்கு.

சென்னையின் பழைய நில அளவை வரைபடத் தாள் (டோப்போ ஷீட்) ஒன்றை ஸ்கேன் செய்து, அதில் அச்சாகியிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நம்பி ஜிபிஎஸ் புள்ளிகளின்மேல் பொருத்திப் பாருங்கள். கோயிலும் குளமும் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். அளந்தவர்கள்மீது தப்பில்லை. அந்தத் தாள், பூமியின் வடிவத்துக்கு நில அளவையாளர் எவரெஸ்ட் 1830-இல் வகுத்த கணக்கின்படி வரையப்பட்டது. ஜிபிஎஸ் பின்பற்றுவதோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கை. எந்தக் கணக்கு என்று சொல்லும் ஒரு வரி கோப்போடு இல்லையென்றால் மென்பொருள் வாய் திறக்காது. கரையிலுள்ள மனையை ஏரிக்குள் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். சர்வரில் ஒரு பைட்கூடக் குறைந்திருக்காது. வரைபடத்தின் அளவுகோல், புரொஜெக்‌ஷன் ஆகியவற்றைப் பட்டியலில் பதிந்துவைப்பது, கணினி வருவதற்கு முன்பிருந்தே நூலகர்கள் செய்துவரும் வேலை.

வரைபடத்துக்கு மட்டுமல்ல, ஆய்வுத் தரவுக்கும் இதே கதிதான். 'கரண்ட் பயாலஜி' இதழில் 2014-இல் வந்த ஆய்வு, 516 கட்டுரைகளின் மூலத்தரவைத் தேடிப் போனது. கட்டுரைக்கு வயது கூடக்கூட, தரவு கைவசம் இருப்பதற்கான சாதக விகிதம் (ஆட்ஸ்) ஆண்டுக்கு 17% வீதம் சரிந்தது. எழுதியவரின் பழைய மின்னஞ்சல் முகவரி செத்திருந்தது. அல்லது தரவு இருந்த பழைய வட்டைப் படிக்கக் கருவி இல்லை.

அமெரிக்க ஆராய்ச்சி நூலகங்களின் சங்கம் 1992-லேயே எஸ்ரி என்ற ஜிஐஎஸ் மென்பொருள் நிறுவனத்தோடு சேர்ந்து நூலகர்களுக்கு ஜிஐஎஸ் கற்பிக்கத் தொடங்கிவிட்டது. நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான ரங்கநாதன், அதற்கு முன் கணித ஆசிரியர். பொருள்களைப் பகுக்க அவர் வகுத்த ஐந்து அடிப்படைகளில் இடமும் காலமும் இரண்டு. நூலகருக்கு எண்ணும் வரைபடமும் ஒத்துவராது என்று அவர் பணிபுரிந்த ஊரில் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

நூலகருக்குத் தரவுப் பயிற்சி வேண்டும்தான். ஆனால் பயிற்சி என்ற பெயரில் இரண்டு நாள் பட்டறை, க்யூஜிஐஎஸ் மென்பொருளில் நாலு பொத்தான், சான்றிதழ், குரூப் போட்டோ என்றால் அதற்கு நான் ஆதரவில்லை. பொத்தான்கள் அடுத்த பதிப்பில் மாறிவிடும். நூலகரை ஒரு பருவம் ஆய்வுக்கூடத்திலேயே உட்கார வையுங்கள். எந்தக் கருவி, எந்த அலகு, காலியாக விட்ட கட்டம் சுழியமா அல்லது அன்றைக்கு அளக்கவே இல்லையா என்று ஆய்வு நடக்கும்போதே கேட்டு எழுதிவைக்கப் பழகட்டும். அளந்த மாணவர் பட்டம் வாங்கி வெளியூர் போன பிறகு அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றி யாரிடம் கேட்பது?